தொடங்கவிடாத வேலையைத் தொடங்க வைக்கும் கோப்ளின் டூல்ஸ்

ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு மிகை இயக்க நிலை உள்ளவர்களிடம் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. டைரியில் ஒன்று, போனில் ஒன்று, ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்று என வேலைகள் எழுதியபடியே இருக்கும். ஒன்றை எடுத்து, அதை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் சிக்கல். திட்டமிடுவது, வரிசைப்படுத்துவது, தொடங்குவது ஆகியவற்றைக் கவனிக்கும் மூளையின் நிர்வாகத் திறன் இவர்களுக்குச் சீராக ஒத்துழைப்பதில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. ஏடிஹெச்டியோடு வாழ்கிற நான், எந்தத் திட்டமிடல் செயலியிலும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இது என்னைத் தொடங்க வைக்கிறதா? அதில் நன்றாகத் தேறியது கோப்ளின் டூல்ஸ்.

என்ன இது?

பெல்ஜியத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ப்ராம் டி பாய்சர் உருவாக்கிய சிறு கருவிகளின் தொகுப்பு. ஏடிஹெச்டி, ஆட்டிசம் உள்ளவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பின்னணியில் செயற்கை நுண்ணறிவு இயங்குகிறது. பிரவுசரில் இலவசம், விளம்பரமும் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் செயலிகளுக்கு ஒருமுறை மட்டும் சிறு தொகை கட்ட வேண்டும். சந்தாவை ரத்து செய்ய மறந்து மாதாமாதம் பணம் போவது ஏடிஹெச்டி உள்ள பலருக்கும் பழகிய இழப்பு. அந்தக் கவலை இங்கே இல்லை.

கையில் எடுத்தால்

தொகுப்பின் உயிர், மேஜிக் டூடூ. 'வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வேண்டும்' என்று எழுதி மந்திரக்கோல் பொத்தானை அழுத்தினால், அறைகளை அளப்பது, நிறம் பார்ப்பது, சுவர் வெடிப்புகளைப் பூசுவது, சாமான்களை நகர்த்துவது எனப் படிப்படியாகப் பிரித்துத் தருகிறது. ஒரு படி இன்னும் பெரிதாகத் தெரிந்தால், அதன் மேல் மறுபடி அழுத்தி உடைக்கலாம்.

எவ்வளவு உடைக்க வேண்டும் என்பதை மிளகாய்ச் சின்னங்களால் சொல்கிறோம். காரம் கூடினால் படிகளும் கூடும். இதில் நல்ல புரிதல் இருக்கிறது. மற்ற செயலிகள் 'இது எவ்வளவு முக்கியம்?' என்று கேட்கின்றன. எல்லாமே அவசரமாகத் தோன்றும் மனதால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இது 'உனக்கு எவ்வளவு கஷ்டம்?' என்று கேட்கிறது. பாத்திரம் கழுவுவதற்கும் முழுக் காரம் வைக்கலாம்.

கம்பைலர் என்ற கருவியில் மனதில் ஓடுவதையெல்லாம் கலைந்தபடியே கொட்டினால், வேலைப் பட்டியலாக்கித் தருகிறது. எஸ்டிமேட்டர், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தோராயமாகச் சொல்கிறது. ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை உளவியலாளர் ரஸல் பார்க்லி பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். ஆகவே இந்த மதிப்பீட்டோடு டைம் டைமர் போன்ற கடிகாரத்தையும் மேஜையில் வையுங்கள். சின்சினாட்டியில் ஜேன் ரோஜர்ஸ் என்ற தாய் தன் மகளுக்காக வடிவமைத்தது அது. மீதி நேரம் சிவப்பு வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம்.

எங்கே குறைகிறது?

கோப்ளின் டூல்ஸ் உங்களைப் பின்தொடர்ந்து வந்து நினைவூட்டும் கருவி அல்ல. பல வாரம் நீளும் திட்டத்தை இதை மட்டும் நம்பி நடத்த முடியாது. காரத்தை மிக அதிகமாக வைத்தால் பட்டியல் நீண்டு, அதுவே மலைப்பைத் தரும். நம் ஊர் நடைமுறையும் இதற்குத் தெரியாது: பொங்கலுக்கு முன்பு ஊரே வெள்ளையடிக்கும்போது பெயின்டர் கிடைப்பது அரிது, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்பதை நாம்தான் சேர்க்க வேண்டும். மருத்துவ விவரம், வங்கி எண் போன்றவற்றை இதில் எழுத வேண்டாம்.

திட்டத்தை நடத்த

உடைத்த படிகளில் நாள் குறிக்க வேண்டியவற்றை காலண்டரில் அலாரத்தோடு போடுங்கள். மற்றவற்றை ட்ரெல்லோ செயலியின் பலகைக்கோ, சுவரில் ஒட்டும் சீட்டுகளுக்கோ மாற்றுங்கள். நான்கு பத்திகள் போதும்: செய்ய வேண்டியவை, நடப்பவை, பிறருக்காகக் காத்திருப்பவை, முடிந்தவை. 'நடப்பவை'யில் இரண்டு சீட்டுக்கு மேல் சேர விடாதீர்கள். காத்திருப்புப் பத்தி மிக முக்கியம். பெயின்டர் விலை சொல்வதாகச் சொல்லிப் போனதும், அந்த வேலையே நினைவிலிருந்து நழுவிவிடும்.

தீர்ப்பு

குழுவாக வேலை செய்பவர்களுக்கு இது மட்டும் போதாது. மருத்துவர் தரும் சிகிச்சைக்கும் இது மாற்று அல்ல. ஆனால் தொடங்க முடியாமல் உள்ளுக்குள் தவிப்பவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். பெற்றோருக்கும் துணைவருக்கும் ஒரு வேண்டுகோள். 'இன்னுமா செய்யவில்லை?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, பட்டியலின் முதல் வரியை அவர் செய்து முடிக்கும்வரை உங்கள் வேலையோடு பக்கத்தில் உட்காருங்கள். அருகில் ஓர் ஆள் இருப்பதே பலருக்குக் கைகொடுக்கிறது. அந்த உதவியை எந்தச் செயலியாலும் முழுதாகத் தர முடியாது.