பல் பிடுங்குமுன் ஒரு வேளை மருந்து

வாயில் வாழும் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்கள், பல் பிடுங்கும்போதும் ஈறு கிழியும்போதும் இரத்தத்தில் கலக்கின்றன. நலமான உடலில் அவை விரைவிலேயே அழிந்துவிடும். செயற்கை வால்வு பொருத்திய இதயத்திலோ பழுதுற்ற வால்விலோ அவை ஒட்டிக்கொண்டு பெருகினால், எண்டோகார்டைட்டிஸ் எனப்படும் இதய உள்ளுறை அழற்சி உண்டாகலாம். இந்நோய் வால்வை அரிக்கும். வால்விலிருந்து பெயரும் துணுக்குகள் மூளைக்குச் சென்று பக்கவாதத்தையும் விளைவிக்கும். உரிய சிகிச்சை பெற்றும் உயிரிழப்போர் பலர்.

இதைத் தடுக்கும் நோக்கில், பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கம் தோன்றியது. அமெரிக்க இதயச் சங்கம் 1955இல் இதற்கான முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. பெரியவர்களுக்கு, சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்கள் முன்பு 2 கிராம் அமாக்சிசிலினை ஒரே வேளையாகக் கொடுப்பது இன்றைய முறை.

எளிமையும் குறைந்த செலவும் இவ்வழக்கத்தின் பலங்கள். மருந்து வேலை செய்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மருந்தின்றிப் பல் பிடுங்கியவர்களில் 60 விழுக்காட்டினரின் இரத்தத்தில் பாக்டீரியா காணப்பட்டது. அமாக்சிசிலின் எடுத்தவர்களில் அது 33 விழுக்காடாகக் குறைந்தது.

வழக்கத்தின் பெருங்குறையைக் காட்டுவதும் அதே ஆய்வுதான். பல் துலக்கியவர்களிலும் 23 விழுக்காட்டினரின் இரத்தத்தில் பாக்டீரியா இருந்தது. பல் பிடுங்குவது எப்போதோ ஒருமுறை. துலக்குவதும் மெல்லுவதும் நாள்தோறும். ஈறு வீங்கி இரத்தம் கசியும் வாயில் பாக்டீரியா இரத்தத்துக்குள் புகும் வாய்ப்பு இன்னும் அதிகம். ஒரு வேளை மருந்து அந்த ஒரு நாளை மட்டுமே காக்கும். மேலும், இரத்தத்தில் பாக்டீரியா குறைவது வேறு, நோய் குறைவது வேறு. மருந்து நோயையே தடுக்கிறது என்று நிறுவும் சமவாய்ப்புச் சோதனை எதுவும் நடக்கவில்லை. ஒவ்வாமையும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதும் கூடுதல் கேடுகள். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கப்பட்டுவந்த கிளிண்டாமைசின், கடும் பக்கவிளைவுகளால் 2021இல் அமெரிக்கப் பரிந்துரையிலிருந்து நீக்கப்பட்டது.

இக்குறைகளைக் கருதி, 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் பயனாளர் வட்டத்தைச் சுருக்கியது. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பே இந்த அழற்சி வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் குறையுள்ளவர்கள், மாற்று இதயம் பெற்று வால்வு பழுதானவர்கள் ஆகியோருக்கு மட்டும் மருந்து போதும் என்றது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2008இல் எவருக்கும் வேண்டாம் என்றே அறிவித்தது. அதன்பின் இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுகள் வெகுவாகக் குறைந்தன. எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகளின் எண்ணிக்கையோ எதிர்பார்த்ததைவிடக் கூடியதாக லான்செட் மருத்துவ இதழில் 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்றுக்கு மற்றொன்றே காரணம் என்று அந்தத் தரவால் உறுதிசெய்ய முடியாது. எனினும் 2016இல் நைஸ் தன் வாசகத்தில் ‘வழக்கமாக’ என்ற சொல்லைச் சேர்த்து, தடையைத் தளர்த்தியது.

இந்தியாவுக்கு இதில் தனிக் கேள்வி உண்டு. இங்கு இன்னும் பரவலாக உள்ள ருமாட்டிக் வால்வு நோய், 2007 பட்டியலில் இடம்பெறவில்லை. ஆஸ்திரேலியாவோ தன் பூர்வகுடி மக்களில் இந்நோய் உள்ளவர்களுக்கு மருந்தைப் பரிந்துரைத்தது. பல் மருத்துவரை எளிதில் அணுக முடியாத, ஈறு நோய் மலிந்த சூழலில், மேலைநாட்டுப் பட்டியலை அப்படியே ஏற்பது பொருந்தாது. இதய மருத்துவர் ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே, ஆபத்து மிகுந்த சிறு குழுவுக்கு இவ்வழக்கம் நியாயமானது. எல்லா இதய நோயாளிகளுக்கும் மருந்தை நீட்டுவது தவறு. மாத்திரை விழுங்கியதால் வாயைக் கவனிக்க வேண்டியதில்லை என்று எண்ணுவது அதைவிடப் பெரிய தவறு. வால்வு அறுவைக்கு முன்பே பற்களைச் சீராக்குவதும், அதன்பின் ஈறுகளை நாள்தோறும் பேணி உரிய இடைவெளியில் பல் மருத்துவரைப் பார்ப்பதுமே முதல் காப்பு. மருந்து அதற்குத் துணை மட்டுமே.