பேயின் பிராது

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பிராது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. திருட்டுப்போன நகைக்கும் திரும்பி வராத கடனுக்கும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் தாளில் மனு எழுதி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருகிறோம். காரியம் முடிந்தால் போய் வாபஸ் வாங்குகிறோம். தமிழ்ப் பேய்க்கதை மரபுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. நம் பேய்கள் சும்மா பயமுறுத்த வருவதில்லை; ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு இருக்கும். எழுதுகிறவர் அந்த வழக்கை எப்படி விசாரிக்கிறார் என்பதில்தான் கட்சிகள் பிரிகின்றன.

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். முன் பிறவியில் தன்னைக் கொன்றவன் இந்தப் பிறவியில் வணிகன்; அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் போய் நிற்பது ஊர்ச் சபையில். ‘இவர் என் கணவர், என்னை விட்டு ஓடுகிறார்’ என்று முறையிடுகிறாள். வணிகனுக்கோ உயிர்ப்பயம், கையில் இருக்கும் கத்தியை விட மாட்டேன் என்கிறான். அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று சொல்லிச் சபையின் எழுபது வேளாளர்களும் அந்தக் கத்தியை வாங்கிக்கொள்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். கவனித்துப் பாருங்கள், பேய் கொன்றது ஒருவனைத்தான். மற்ற எழுபது உயிரும் நல்லவர்கள் நல்லெண்ணத்தோடு சொன்ன தீர்ப்பினால் போயின. கத்தி கைமாறும் அந்த ஒரு கணத்துக்கு ஈடாகப் பிற்காலத்து மாதநாவல் எதிலும் நான் படித்ததில்லை.

சாத்தனாரின் மணிமேகலையில் வரும் சக்கரவாளக் கோட்டத்துக் கதையிலும் வழக்கு உண்டு. இங்கே வாதி பேயல்ல, பேயால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய். சுடுகாட்டுக்குத் தனியாகப் போன சார்ங்கலன் என்ற சிறுவன், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிரை விடுகிறான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். பேய் அவன் உயிரைத் தின்னவில்லை என்பது தெய்வத்தின் பதில். பயத்தின் இருப்பிடம் பார்க்கிறவன் மனசு என்ற நவீனக் கொள்கையைச் சாத்தனார் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் காளியிடம் பசிக்கொடுமையைச் சொல்லி அழுவதற்கு ‘பேய் முறைப்பாடு’ என்று தனிப் பகுதியே உண்டு. ஆனால் சயங்கொண்டாரின் பேய்களைப் பார்த்து யாரும் பயந்ததாகத் தெரியவில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

அச்சுக்காலத்தின் பெரிய பெயர் நம் ஊர்ப் பெயர்தான். புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம், 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். பத்திரிகை ஆபீஸ் வேலைக்கு நடுவே கதை எழுதியவர். மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவரே. 1943இல் வெளிவந்த ‘காஞ்சனை’யில் கதை சொல்கிறவர் ஓர் எழுத்தாளர், தூக்கம் வராதவர். நள்ளிரவில் பிணம் எரிகிற வாடை வருகிறது, சற்று நேரத்தில் அதுவே ஊதுவத்தி மணமாகிறது. பிச்சைக்கு வந்தவளை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். ஓர் இரவு மனைவியின் கழுத்தில் துளி ரத்தம். அலறல், வெள்ளைப் புடவை, கொலுசு எதுவும் கிடையாது. இந்தத் தம்பதியிடம் வந்தவளுக்கு என்ன பாக்கி என்பது கடைசிவரை பிடிபடுவதில்லை. பேயின் கையிலிருந்து பிராதைப் பிடுங்கிவிட்டார் புதுமைப்பித்தன். கேட்டு வந்தால் கொடுத்து அனுப்பலாம். எதுவும் கேட்காமல் அடுப்படி வரை வந்தவளை என்ன செய்வது? தமிழ்ப் பேய்க்கதைக்கு உரைகல் ஒன்று வேண்டுமென்றால் என் ஓட்டு இந்தக் கதைக்குத்தான்.

அதன்பின் வந்தது தொழில்காலம். பி.டி. சாமி போன்றவர்கள் பேய்க்கதைக்கென்றே ஒரு வாசகர் கூட்டத்தை உண்டாக்கினார்கள். மாதநாவல் எழுத்தாளரின் பிழைப்பு லேசானதல்ல. தலைப்பும் விளம்பரமும் போன மாத இதழிலேயே வந்திருக்கும், அட்டைப்படம் ஓவியரிடம் போயிருக்கும், கதை மட்டும் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். பக்கக் கணக்கை மீறக் கூடாது. சென்னை–திருச்சி கார்டு லைனும் கடலூர்–சேலம் பாதையும் சந்திக்கும் நம் ஜங்ஷன் மாதிரி இடங்களில் வண்டிக்குக் காத்திருப்பவர் வாங்கி, இறங்கும் ஊருக்குள் படித்து முடிக்க வேண்டும். அவசரத்தில் எழுதுகிறவருக்கு ஆயத்தச் சரக்கு தேவைப்பட்டது: பாழடைந்த பங்களா, மல்லிகை வாசம், சரியான நேரத்தில் போகும் ஃபியூஸ். அந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியரைச் செய்து அனுப்பியதில் நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் பங்கு உண்டு என்பதால், தமிழ்ப் பேய் இலக்கியத்துக்கு விருத்தாசலத்தின் தொண்டு சாமானியமானதல்ல என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் பகலில், விளக்கு எரியும்போதே பயமுறுத்தத் தெரிந்தவர்தான் எழுத்தாளர் என்பது என் கட்சி.

சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதிய ‘கொலையுதிர் காலம்’ விசாரணையையே கதையாக்கியது. விசாரிக்கிறவர்களில் கணேஷ் விஞ்ஞானத்தின் பக்கம், வசந்த் பேயின் பக்கம். ஹோலோகிராம் வரை போகிறார்கள். விஞ்ஞானம் விளக்கியபிறகும் கொஞ்சம் சந்தேகத்தை மிச்சம் வைத்தாரே, அதில்தான் அவர் சாமர்த்தியம். இந்திரா சௌந்தர்ராஜன் இன்னொரு வழி. ‘விட்டு விடு கருப்பா’ நாவல் நாகா இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ என்று சன் டி.வி.யில் வந்தபோது தெருவே அடங்கிக் கிடந்தது. தப்பு செய்தவனைத் தேடிக் குதிரையில் வரும் கருப்பு என்பது நீலியின் வழக்கேதான். ஆனால் இங்கே நீதிபதியும் தெய்வமே. ஒரு காலை மனநல மருத்துவத்திலும் இன்னொரு காலைச் சந்நிதியிலும் வைத்துக்கொண்டு அவர் கதையை முடிக்கும்போது, இரண்டு கட்சி வாசகரும் திருப்தியாக எழுந்து போகலாம். எனக்கு அந்தத் திருப்திதான் உறுத்தல். எல்லாரையும் சமாதானப்படுத்தி அனுப்புகிற கதை அன்று ராத்திரி யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’ இலக்கியத் தரத்தில் பேய்க்கதை இன்றும் எழுத முடியும் என்று காட்டிய தொகுப்பு. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

நம் ஊரிலிருந்து எழுதும் இமையம் பேய்க்கதைக்காரர் அல்ல. இருந்தாலும் 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘செல்லாத பணம்’ நாவலை இந்த வரிசையில் சேர்க்கத் துணிகிறேன். ஜிப்மர் தீக்காய வார்டு, உள்ளே எரிந்துபோன மகள், வெளியே கையில் பணத்தோடு பெற்றவர்கள். நடந்தது என்ன என்ற கேள்வி வராந்தாவில் எல்லாருடைய வாயிலும் புகுந்து புறப்படுகிறது. நீலிக்கு ஒரு சபையாவது கிடைத்தது.

பேய்க்கதை எழுத உட்காரும் நடுநாட்டுப் பிள்ளைகளுக்குச் சரக்குப் பஞ்சமில்லை. சூளைக்கு ராக்காவல் இருக்கிறவர்களும் முந்திரித் தோப்பில் படுக்கப் போகிறவர்களும் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை இன்னும் அச்சேறவில்லை. விருத்தாசலம் பஸ் டெப்போவில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய கண்மணி குணசேகரன் தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முந்திரிக்காட்டு முனிக்கு டி.வி. தொடர்த் தமிழ் பேச வராது.