நிரம்பிக் கொட்டும் கெப்பாசிட்டர்

கெப்பாசிட்டரைக் கொண்டு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சுற்றின் அழகு அதன் எளிமை. ரெசிஸ்டர் வழியே 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 24 வோல்ட் வரை மெல்ல நிரம்புகிறது. கெப்பாசிட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே கதவுபோல் நிற்கும் குறைக்கடத்திச் சுவிட்ச்தான் எஸ்சிஆர்; அதன் கேட் முனையில் சிறு தூண்டல் கிடைத்ததும் அது திறக்கிறது. ஏற்றச்சால் வாய்க்காலில் கொட்டுவதுபோல் 12 வோல்ட் பேட்டரிக்குள் மின்னோட்டம் ஒரே வீச்சில் பாய்கிறது. அழுத்தம் சமமானதும் ஓட்டம் அடங்கி, எஸ்சிஆர் தானே மூடிக்கொள்கிறது. பிறகு மீண்டும் நிரம்பல்.

ஒரு துடிப்பில் சேர்வது சுமார் 0.12 கூலும், ஓர் ஆம்பியர்-மணிக்கு 30,000 துடிப்புகள்! அந்தப் பொறுமையே இதில் என்னை ஈர்ப்பது.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சுற்றைத் தொடும் முன் கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியே வடித்துவிடுங்கள். லெட்-ஆசிட் பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.