கிறீன் வைத்தியரின் தமிழ் நூல்களும் நோயாராய்ச்சிக் கல்வியும்

பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் தோன்றி வழங்கிய யாழ்ப்பாணத்திலே, மேனாட்டு மருத்துவத்தையும் தமிழிலேயே கற்பித்தல் கூடும் எனத் துணிந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியராவர். 1822 இற் பிறந்து 1847 இல் இந்நாட்டை அடைந்த அவர், மானிப்பாயில் மருத்துவமனை நடாத்தி, அதனோடு சார்த்தி மாணவரையும் பயிற்றினார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் தொகை 60 இற்கு மேற்பட்டது. அவரைப் போற்றுவோர் பலர்; அவர்தம் நூல்களை எடுத்துச் சீர்தூக்குவோர் மிகச் சிலரே. போற்றுதல் எளிது, புழுதி படிந்த ஏடுகளைப் புரட்டுதல் அத்துணை எளிதன்று.

அந்நூல்களின் பெயர்களே ஒரு வரலாறு கூறுவன. அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என முதலில் எழுந்தது. பின்னர் இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்பன தொடர்ந்தன. 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியைக் கைவிட்டிலர். இவற்றுள் இரண வைத்தியம் என்பது சந்தைக்குச் செல்வாரும் விளங்கிக்கொள்ளும் பெயர். அங்காதிபாதம், உற்பாலனம் என்பன வடமொழி கற்றார்க்கே உரியன. கெமிஸ்தமோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி கட்டி நடக்கவிட்டது. தமிழிற் சொல் உளதாயின் அதனைக் கொள்க, இன்றேல் வடமொழியை நாடுக, அதுவும் உதவாதாயின் ஆங்கிலத்தை ஒலிபெயர்க்க என்னும் ஒழுங்கை இவற்றிற் காணலாம். ஒழுங்கு தவறென்று கூறவியலாது. ஆயினும் உற்பாலனம் இன்று வழக்கொழிந்தது. கெமிஸ்தத்தின் இடத்தை இரசாயனவியல் கொண்டது. இரணமோ இன்னும் வாழ்கின்றது. மக்கள் வாயில் முன்னரே இருந்த சொல்லே நிலைபெற்றது போலும்.

சொற்கள் மாண்டமையைக் கொண்டு நூல்களை இகழ்தல் முறையன்று. அவற்றின் மெய்யான குறை வேறோரிடத்தில் உளது. அவையெல்லாம் முடிந்த முடிபுகளைக் கூறும் பாடநூல்கள். பிறிதொரு நாட்டார் பிறிதொரு நாட்டு நோயாளரிடத்துக் கண்டறிந்தவற்றைத் தமிழிற் பெயர்த்துத் தருவன. நோய் இன்னது, மருந்து இன்னது என்று அறிந்துகொள்ளும் மாணவன் நல்ல வைத்தியனாவான். ஏட்டில் இல்லாத நோயொன்று ஊருக்குள் நுழையும்பொழுது என் செய்வது என்பதற்கு வேறொரு பயிற்சி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் வருத்தியது. கிறீனும் அவர் மாணவரும் அதனோடு போராடினர். எனினும் அந்நோயின் கிருமியை ஜெர்மானியரான கொக் கல்கத்தாவில் ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தது 1884 இல். கிறீன் இறந்ததும் அவ்வாண்டிலேயே. ஆராய்ச்சிக் கல்வி மேனாட்டிலேயே அரும்பிக்கொண்டிருந்த காலமாதலின், மானிப்பாயில் அஃது இல்லாமைக்குக் கிறீனைக் குறைகூறல் பொருந்தாது. 1870 இற் கொழும்பிலே ஆங்கில வழி மருத்துவப் பள்ளி தோன்றியபின், தமிழ்வழியினர் அந்நிலைக்கு வளர வாய்ப்பும் அருகிற்று.

நூறாண்டு கழிந்து, 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் அமைந்தது. அதன் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சிவஞானசுந்தரம், ஆராய்ச்சி செய்யக் கற்கும் மாணவர்க்கும் இளம் வைத்தியர்க்கும் கைந்நூலொன்று எழுதினார். கிறீன் விட்ட இடத்தை நிரப்பிய நூல் இதுவே எனலாம். ஆனால் அஃது ஆங்கிலத்தில் அமைந்தது. நந்தி என்னும் புனைபெயரில் மலைக்கொழுந்து முதலிய தமிழ்ப் புனைகதைகளைப் படைத்தவரும் இவரே என்பதை எண்ணுங்கால் வியப்புத் தோன்றும். கதைக்குத் தமிழ், ஆராய்ச்சிக்கு ஆங்கிலம் என்ற பிரிவு அவர் வகுத்ததன்று, காலம் வகுத்தது.

ஆராய்ச்சிக்குரிய வினா நூலகத்தினின்று பிறப்பதினும் நிலத்தினின்று பிறத்தலே பெரும்பான்மை. டெங்கைக் காவும் நுளம்புகள் நன்னீரிலேயே முட்டையிடும் என்பது நெடுங்காலக் கொள்கை. அதனால் ஒழிப்புப் பணியும் நன்னீர்க் கலங்களையே நாடிற்று. கடனீரேரியாற் சூழப்பெற்ற யாழ்ப்பாணத்து விலங்கியல் ஆய்வாளர், பேராசிரியர் சுரேந்திரனும் அவரோடு சேர்ந்தோரும், உவர்நீரிலும் அக்குடம்பிகள் வளர்தலைக் கண்டு 2011 இல் வெளியிட்டனர். கிணற்றிற் கைவைத்து உவரைச் சுவைத்தவர்க்கே இவ்வினா எழும். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் சான்றளித்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு தெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிற் காணப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணறும் சீமெந்துத் தொட்டியும் அதற்கு உகந்த இடங்கள். கிணறில்லாத வளவு இங்கு எத்தனை?

வறிய நாடுகளின் ஆய்வாளரைப் பயிற்றும் நோக்குடன் 1975 முதல் உலக சுகாதார தாபனத்திற் சிறப்புத் திட்டமொன்று நடைபெறுகின்றது. அத்தகைய திட்டங்களின் பயனை மறுப்பாரில்லை. ஆயினும், பிறநாட்டு ஆய்வுகூடத்திற் பயின்று மீள்பவன் அந்நாட்டு வினாக்களையும் உடன்கொண்டு மீளும் இடர் உண்டு. கருவியைக் கடன் வாங்கலாம். வினாவையும் கடன் வாங்கினால், கிறீனின் மாணவர் நின்ற இடத்திலேயே நிற்க நேரும்.

மொழியின் பங்கு இங்குதான் மீண்டும் எழுகின்றது. 2024 டிசம்பரிற் பெருமழைக்குப்பின் யாழ்ப்பாணத்திற் காய்ச்சலொன்று பரவிப் பலர் மாண்டனர். தொடக்கத்திற் காரணம் தெளிவாகாமல் ஊரார் அஞ்சினர்; பின்னர் அஃது எலிக்காய்ச்சல் என அறியப்பட்டது. எந்த வயலில் இறங்கினீர், காலிற் புண் இருந்ததா, கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்ததா என்றெல்லாம் நோயாளியின் வீட்டாரிடம் வினவுவது தமிழிலேயே. அறிக்கை எழுதப்படுவது ஆங்கிலத்தில். இடையிற் சிந்துவது எவ்வளவு என்று அளந்தார் உளரோ? எலிக்காய்ச்சல் என்னும் சொல்லையே நோக்குக. நோயின் மூலத்தைப் பாமரர்க்கும் உணர்த்தும் நல்ல சொல் அது. எனினும் அக்கிருமி எலியின் சிறுநீரில் மாத்திரமன்றி, மாடு, நாய், பன்றி என்பவற்றின் சிறுநீரிலும் உளதாகும். பெயரை நம்பி எலியையே தேடும் ஆய்வாளன், வயலோரத்திற் கட்டிய மாட்டைக் கடந்து சென்றுவிடுதல் கூடும்.