டிஃபெண்டிங் ஜேக்கப்: முடிவு குறித்த திறனாய்வு

டிஃபெண்டிங் ஜேக்கப் என்பது 2020இல் ஆப்பிள் டிவி பிளஸ் தளத்தில் வெளியான 8 பகுதிகள் கொண்ட அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். வில்லியம் லாண்டே 2012இல் எழுதிய நாவலைத் தழுவி மார்க் பாம்பேக் இதனை உருவாக்கினார்.

கதைச் சுருக்கம்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் பென் ரிஃப்கின் என்னும் பள்ளி மாணவன் கத்தியால் குத்திக் கொல்லப்படுகிறான். அவனுடன் படிக்கும் 14 வயது ஜேக்கப் மீது குற்றம் சாட்டப்படுகிறது. ஜேக்கப்பின் தந்தை ஆண்டி பார்பர் ஓர் அரசு வழக்கறிஞர். மகனிடம் இருந்த கத்தியை அவரே அப்புறப்படுத்திவிடுகிறார். அதனால் அது சோதனைக்கு வராமலே போகிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது லியனார்ட் பாட்ஸ் என்பவர் கொலையை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிவைத்துவிட்டு இறந்துகிடக்கிறார். ஜேக்கப் விடுதலையாகிறான்.

முடிவின் பொருள்

அந்தக் கடிதம் மிரட்டி எழுதி வாங்கப்பட்டது என்பதும், பாட்ஸின் மரணம் தற்கொலை அன்று என்பதும் பின்னர் தெரியவருகின்றன. இதற்கு ஏற்பாடு செய்தவர் சிறையில் இருக்கும் ஆண்டியின் தந்தை பில்லி. உண்மையை அறிந்த தாய் லாரி, காரை அதிவேகமாக ஓட்டியபடி மகனிடம் உண்மையைக் கேட்கிறாள். உயிருக்குப் பயந்து அவன் ஒப்புக்கொள்கிறான். கார் மோதுகிறது. இருவரும் உயிர் பிழைத்தாலும் ஜேக்கப் நினைவின்றிக் கிடக்கிறான்.

ஜேக்கப் கொலையாளி என்று கொள்வோர் காரில் அவன் சொன்னதைச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் தொடரில் வரும் ஒப்புதல்கள் இரண்டும் மரண பயத்தில் பெறப்பட்டவை. பாட்ஸின் கடிதம் செல்லாது என்றால், ஜேக்கப்பின் சொல்லும் செல்லாது. பில்லியின் ஆள் பாட்ஸுக்குச் செய்ததையே, அன்பின் பெயரால் லாரி தன் மகனுக்குச் செய்துவிடுகிறாள். ஜேக்கப் குற்றமற்றவன் என்பதும் இதனால் நிறுவப்படவில்லை. உண்மையை அறியும் வழி அடைபட்டுவிட்டது என்பதே முடிவின் பொருள்.

நாவலுடன் ஒப்பீடு

நாவலில், குடும்பம் விடுமுறைக்குச் செல்லும் இடத்தில் காணாமல் போகும் ஹோப் என்ற பெண் பிணமாகக் கிடைக்கிறாள்; கார் மோதலில் ஜேக்கப்பும் இறக்கிறான். ஹோப்பின் மரணம் வாசகரின் ஐயத்தை ஜேக்கப் பக்கமே திருப்புகிறது. தொடரில் அவள் உயிருடன் திரும்புகிறாள். இந்த மாற்றத்தைச் சமரசம் என்று குறைகூற இடமுண்டு. எனினும் லாரியின் செயலுக்கு நாவலில் கிடைக்கும் நியாயம் இங்கே இல்லாமல் போகிறது. ஐயத்தை மட்டுமே வைத்துத் தீர்ப்பெழுதுவதன் விலையைத் தொடரே கூடுதல் நேர்மையுடன் காட்டுகிறது.