தோன்றா எழுவாய்

ரசத்துக்குப் புளி கரைத்த கிண்ணத்தை அம்மா என் சமையல் மேடைமேல் வைத்தார். எடுத்தபோது வெள்ளை மார்பிளில் மங்கலாக ஒரு வட்டம். துடைத்தார், போகவில்லை. நாரால் தேய்த்தார், இன்னும் மங்கியது. மாலையில் நான் கல்லூரியிலிருந்து திரும்பியதும் வாசலிலேயே, "கல்லைக் கெடுத்துப்போட்டேன் கண்ணு" என்றார். ஐம்பது வருடம் அம்மியில் அரைத்த கை அது. எந்தக் கல்லிடமும் அதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை.

அந்த வட்டம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தெரியாததுதான் குற்ற உணர்வாக மாறுகிறது. மார்பிளில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். தக்காளி, தயிர், வினிகர் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அமிலம் உண்டு. அமிலம் பட்ட இடத்தில் கல்லின் மேற்பரப்பு கரைந்து மெருகு போகிறது. இது கறை அல்ல, அரிப்பு. மஞ்சளோ எண்ணெயோ நுண்துளைகளுக்குள் இறங்குவதுதான் கறை. சமையல் சோடாவைக் குழைத்துப் பற்றுப்போட்டால் எண்ணெயைப் பெருமளவு இழுத்துவிடலாம். அரிப்பைத் துடைத்து எடுக்க அங்கே எதுவும் ஒட்டியிருக்காது. கல்லே குறைந்துபோயிருக்கிறது. மறுபடி மெருகேற்றினால்தான் போகும். மேலே பூசும் சீலர், கறை இறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர அமிலத்தைத் தடுக்காது. எலுமிச்சை கலந்த பாத்திர சோப்பால் கழுவினால் சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் நாமே கல்லை அரிக்கிறோம்.

ஆக, புளியும் எலுமிச்சையும் இல்லாமல் ஒருநாள் கழியாத அடுக்களையில், அவற்றைத் தாங்காத கல்லைப் பதித்திருக்கிறோம். அம்மா செய்த தவறு சமைத்தது மட்டும்தான்.

கல் வாங்கியபோது கடையில் ஒரு பராமரிப்புத் தாள் கொடுத்தார்கள். சிந்தியதை உடனே துடைக்கவும். புளிப்பான பொருள்களை நேரடியாக வைக்க வேண்டாம். சூடான பாத்திரத்துக்கு அடியில் பிரிமனை வைக்கவும். பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள், ஒன்றிலும் எழுவாய் இல்லை. வகுப்பில் இதைத் தோன்றா எழுவாய் என்று நடத்துவேன். எழுவாய் வெளிப்படையாக வராது, ஆனால் வாசிக்கிறவருக்கு யாரென்று புரிந்துவிடும். இந்தத் தாளிலும் புரிந்துவிடுகிறது. என் கணவர் அதை மடித்து என் கையில் கொடுத்தார். நானும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அதே தாளை வாசித்துக் காட்டியவளும் நான்தான். அன்றிலிருந்து கல்லில் விழுந்த ஒவ்வொரு தழும்புக்கும் அவர் முகத்தில் பதில் தேடினேன். தோன்றா எழுவாயை நமக்குக் கீழே இருப்பவர்மேல் ஏற்றிவிட்டு விடுதலை என்று நினைத்துக்கொள்வது நம் வர்க்கத்துப் பெண்களின் பழக்கம்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988இல் வந்தது. தலைப்புக் கதையை மாணவிகளோடு வாசிக்கும்போது, இப்போது சமையலறை மூலையில் இல்லையே என்று ஒருத்தியாவது சொல்வாள். உண்மைதான். புது அடுக்ககங்களில் கூடத்துக்குள்ளேயே திறந்த சமையலறை, நடுவில் மார்பிள் மேடை. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனால் அந்த மேடைக்குப் பின்னால் ஒரு கதவைத் திறந்து பாருங்கள். தாளிப்பதற்கும் மீன் கழுவுவதற்கும் பாத்திரம் தேய்ப்பதற்கும் கிரானைட் பதித்த இன்னொரு குறுகிய அறை இருக்கும். மூலை எங்கும் போகவில்லை, அதற்கு ஒரு கதவு போட்டிருக்கிறார்கள். முன்னால் இருக்கும் கல் உழைப்பின் தடயம் எதையும் காட்டக் கூடாது. அம்மிக்கோ தடயம்தான் தகுதி. அரைத்து அரைத்துக் குழிந்த அம்மியைப் பாழான அம்மி என்று யாரும் சொல்வதில்லை, கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்தி மறுபடி அரைப்பார்கள்.

அப்படியானால் கறையே படியாத கல்லை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் செயற்கைக் கல்லைப் புளி ஒன்றும் செய்யாது. பராமரிப்பே வேண்டாம் என்பதுதான் அதன் விளம்பரம். ஆனால் அதன் பல வகைகளில் 90 சதவீதத்துக்கு மேல் படிக சிலிக்கா. அறுக்கும்போது பறக்கும் தூள் தொழிலாளியின் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லைத் தடை செய்தது. துடைக்கும் வேலையை மிச்சப்படுத்துவதாக நமக்குச் சொல்லப்படுவதன் விலையை இன்னொருவர் மூச்சால் கட்டுகிறார்.

மார்பிள்மேல் ஆசைப்படக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கோடையில் அதன் குளிர்ச்சி எனக்குப் பிடிக்கும். கண்ணாடிபோல மெருகேற்றாமல் மங்கலாகத் தேய்த்துப் பதித்தால் அரிப்பு அவ்வளவாகத் தெரியாது. நம் சமையலுக்குக் கிரானைட்டே போதும். எதைப் பதித்தாலும், பதிப்பதற்கு முன்பு வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யார் துடைப்பது?

நான் தாமதமாகத்தான் கேட்டேன். அந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் ஒரு பெயர் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கணவர் சிரித்தார், பிறகு செய்தார். மகன் முனகிக்கொண்டே மேடையைத் துடைக்கிறான். போன முறை வந்திருந்த அம்மா அவன் கையிலிருந்து துணியைப் பிடுங்கினார். "ஆம்பளப் பையனைப் போய் இதைச் செய்யச் சொல்றியே கண்ணு" என்றார். வட்டம் இன்னும் மேடையில் இருக்கிறது. மெருகேற்ற ஒரு மணி நேரம் போதும் என்கிறார் மேஸ்திரி. அம்மா கையிலிருக்கும் துணியைத் திரும்ப வாங்க எவ்வளவு நாளாகும் என்று தெரியவில்லை.