உரிதலும் களைதலும்: ரோலான் பார்த்தின் ‘ஸ்ட்ரிப்டீஸ்’ கட்டுரை – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் (1915–1980) 1957-இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ என்னும் நூல், வெகுமக்கள் பண்பாட்டைக் குறியியல் நோக்கில் ஆராய்வோர்க்கு முன்மாதிரியாக விளங்குகிறது. மல்யுத்தம், சலவைத்தூள், மது, மகிழுந்து என அன்றாடப் பொருள்களைப் பற்றிய அந்நூலின் குறுங்கட்டுரைகளுள் ஒன்று ‘ஸ்ட்ரிப்டீஸ்’. மேடையில் ஒரு பெண் இசைக்கேற்ப ஆடியவாறு தன் உடைகளை ஒவ்வொன்றாக நீக்கும் கேளிக்கை நடனமே அதன் பொருள். தமிழில் பார்த் பெரிதும் ‘ஆசிரியனின் மரணம்’ என்னும் கருத்தின் வழியே அறியப்படுபவர். எனினும் உடல், ஆடை, பார்வை ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கு இச்சிறு கட்டுரை தரும் ஒளி மிகுதி. அது பார்வையாளனின் கண்ணை நுட்பமாக விளக்கினும் ஆடுபவளை வினைமுதலாகக் காணத் தவறுகிறது என்பதையும், அக்குறையைத் தமிழ் வினைச்சொற்களின் துணையோடு தெளியலாம் என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று வினைகள்

இந்நடனத்தைத் தமிழில் பெயர்த்துக் கூற முற்படும்போதே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. உடை உடலை விட்டு நீங்குவதைத் தமிழ் இலக்கியம் ஒரே வினையால் சுட்டுவதில்லை. முதலாவது நெகிழ்தல். அகப்பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் தொடி நெகிழ்கிறது. உலா இலக்கியங்களில் உலா வரும் தலைவனைக் கண்ட மகளிரின் வளையும் கலையும் நெகிழ்கின்றன. இங்கு நீக்குபவர் எவரும் இலர். அது தன்வினை, காமத்தின் மெய்ப்பாடு. இரண்டாவது உரிதல். வில்லிபாரதத்திலும் பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும் அவையில் நிகழும் துகிலுரிதலில், உரிபவன் வேறு, உரியப்படுபவள் வேறு. அது வன்முறையின் சொல். மூன்றாவது களைதல். தன் உடையைத் தானே, தன் விருப்பத்தின்படியோ தேவையின்படியோ நீக்குவதை இச்சொல்லால் குறிக்கலாம்.

‘துகிலுரி நடனம்’ என மொழிபெயர்ப்பின் அச்சொல்லோடு பாஞ்சாலியின் அவையும் உடன் வந்துவிடுகிறது. ‘உடை களையும் நடனம்’ எனின் ஆடுபவளே வினைமுதல் ஆகிறாள். சொல்லைத் தேர்வதே இங்கு ஒரு திறனாய்வு முடிபாக அமைந்துவிடுகிறது.

பார்த்தின் வாதம்

பாரிஸ் நகரத்து இந்நடனம் ஒரு முரண்பாட்டின்மீது எழுப்பப்பட்டது என்பது பார்த்தின் அடிப்படைக் கருத்து. ஆடை முழுதும் நீங்கும் கணத்திலேயே பெண் காமத்திற்குரிய பொருளாக இருத்தலினின்று விலக்கப்படுகிறாள் என்கிறார் அவர். கையுறை, விசிறி, இறகு, மென்மயிர்ப் போர்வை, வலைக் காலுறை ஆகியவை நீக்கப்பட்ட பின்னரும் அவற்றின் மாய ஆற்றல் உடலின்மீது எஞ்சி நிற்கிறது. இறுதியில் ஒளிரும் கற்கள் பதித்த சிறு முக்கோணம் உடலைக் கனிமப் பொருள்போல் ஆக்கிவிடுகிறது. நடன அசைவுகளும் அவ்வாறே. அவை உடலைத் திறப்பதற்கு மாறாக மூடும் மற்றொரு திரையாகின்றன. தேர்ந்த ஆடற்பெண்ணின் தொழில்நுட்பமே அவளுக்கு ஆடையாகிறது. பயிலாத பெண்கள் பங்கேற்கும் போட்டிகளில் அவர்தம் தடுமாற்றமே காமத்தை மீட்டுத் தருகிறது. இவ்வாறு சிறிதளவு தீமையைத் தடுப்பூசிபோல் ஏற்றிக்கொள்வதன்வழி நடுத்தர வர்க்கச் சமூகம் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது அவர் காணும் முடிவு.

இவ்வாதத்தின் கூர்மை மறுத்தற்கரியது. எனினும் இதில் உடை நீங்குகிறது, திரை விழுகிறது, சமூகம் ஏற்றுக்கொள்கிறது. யார் நீக்குகிறார், எதன்பொருட்டு நீக்குகிறார் என்னும் வினாக்கள் எழவில்லை. தமிழ் வினைகளின்படி நோக்கின், பார்த் காண்பது ஒரு வகை நெகிழ்தலே. வினைமுதல் இல்லாத ஒரு நிகழ்வே.

அயன்மை என்னும் திரை

பார்த் சுட்டும் முதல் திரை அயன்மை. அபினிக் குழாய் ஏந்திய சீனப்பெண், வெனிஸ் நகரப் படகு முதலிய வேடங்கள் உடலைக் கதையுலகிற்கு அகற்றிவிடுகின்றன என்கிறார். அவ்வேடம் யாருடைய முகத்தினின்று எடுக்கப்பட்டது என்பதை அவர் வினவவில்லை. பேரரசுக் கொள்கையின் குறிகளை அதே நூலின் பிற பகுதிகளில் கூர்ந்து பகுத்தவர் அவர் என்பதால், இங்கு அவர் காக்கும் மௌனம் நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் தமிழரோடு நேரடித் தொடர்புடைய ஒரு சான்று உண்டு. 1838-இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்துத் தேவதாசியர் சிலர் பாரிஸ் அரங்கில் ஆடினர். கவிஞர் தெயொஃபில் கோத்தியே அவர்களைப் பற்றி வியந்து எழுதினார். அவர்களுள் அம்மணி என்பவரின் வடிவத்தைச் சிற்பி பார் சிறு வெண்கலச் சிலையாக வடித்தார். அவர்கள் ஆடியது சதிர் மரபு சார்ந்த ஆட்டம். உடை களைதல் அதன் பகுதியன்று. சிருங்காரத்தை விழியாலும் கையாலும் உணர்த்தும் அம்மரபில் உடல் திறக்கப்பட வேண்டிய பொருளாக இருந்ததில்லை.

அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1905 மார்ச்சு 13-ஆம் நாள், அதே நகரத்தின் கிமே அருங்காட்சியகத்தில் மாத்தா ஹரி என்னும் பெயர் பூண்ட நெதர்லாந்துப் பெண் மார்கரேதா செல்லே (1876–1917) சிவன் திருமேனியின்முன் மேலாடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடினார். தாம் தென்னிந்தியக் கோயில் ஆடற்பெண்ணின் மகள் என்றும், மலபார்க் கடற்கரையிலுள்ள ‘ஜாஃப்னாபட்டம்’ என்னும் புனித நகரில் பிறந்தவர் என்றும் ஒரு பிறப்புக் கதையைப் பரப்பினார். யாழ்ப்பாணம் மலபாரில் இல்லை என்பதை அவையோர் அறியவில்லை. அறிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. 1838-இல் ஆடை நீக்காமல் ஆடியவர்களின் பெயர், 1905-இல் ஆடை நீக்குவதற்கு உரிமச் சீட்டாயிற்று. பிற்காலத்தில் அமெரிக்காவில் உடை களையும் நடனத்திற்கு ‘எக்ஸாடிக்’ நடனம் என்ற பெயர் நிலைத்தமையும் இத்தொடர்ச்சியில் வைத்து எண்ணத்தக்கது. எனவே அயன்மை உடலை மூடும் திரை மட்டுமன்று. பிறருடைய கலையினின்று உரித்தெடுக்கப்பட்ட ஆடையுமாகும். துகிலுரிதல் என்னும் சொல் பொருந்துமாயின் இங்குத்தான் பொருந்தும்.

வினைமுதலின் குரல்

‘மித்தாலஜீஸ்’ வெளிவந்த அதே 1957-இல் அமெரிக்க ஆடற்கலைஞர் ஜிப்சி ரோஸ் லீயின் (1911–1970) தன்வரலாறும் வெளிவந்தது. தாயின் ஆட்சியில் குழந்தை நடிகையாக ஊர்ஊராக அலைந்தவர், பல்சுவை மேடைகள் நலிவுற்ற காலத்தில் கேளிக்கை அரங்குகளுக்கு வந்து சேர்ந்ததை அந்நூல் கூறுகிறது. அவருடைய ஆட்டத்தில் களையப்பட்டவை சில, பேசப்பட்டவை பல. ஒரு கையுறையைக் கழற்றவே நெடுநேரம் எடுத்துக்கொண்டு, இடையே நகைச்சுவை உரையால் அவையைத் தன்வயப்படுத்தினார். பார்த்திற்குத் திரையாகத் தோன்றிய தொழில்நுட்பம் இவருக்கு முதலீடு. எதைக் காட்டுவது, எப்போது நிறுத்துவது என்னும் தேர்வு அவர் கையில் இருந்தது.

1940-இல் எழுத்தாளர் எச். எல். மென்கென் இத்தொழிலோர்க்குப் பாம்பு முதலியன தோலுரிப்பதைக் குறிக்கும் கிரேக்க வேரினின்று ‘எக்டிசியஸ்ட்’ என ஒரு சொல்லைப் படைத்தார். ஜிப்சி அதனை எள்ளி நகையாடினார். தமிழ் வழக்கில் பாம்பு உரிப்பதும் ‘சட்டை’தான், ஆயினும் பாம்பு கூலிக்காக உரிப்பதில்லை. உழைப்பை இயற்கையாக்கும் அச்சொல்லின் குறையை அவர் உணர்ந்தார் எனலாம்.

கலையா, தொழிலா

இவ்வினா இன்று நீதிமன்றங்களையும் அடைந்துள்ளது. 2006-இல் நார்வே மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்நடனத்தை மேடைக்கலையாக ஏற்று வரிவிலக்கு வழங்கியது. 2012-இல் நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 4–3 என்னும் பெரும்பான்மையில் அத்தகைய விலக்கை ஒரு கேளிக்கையகத்திற்கு மறுத்தது. இரு வழக்குகளிலும் வாதிட்டவர்கள் அரங்க உரிமையாளர்கள். ஆடுபவர்களின் வினா வேறு. சான்பிரான்சிஸ்கோவின் ‘லஸ்டி லேடி’ அரங்கப் பெண்கள் 1990-களில் தொழிற்சங்கம் அமைத்து, 2003-இல் அதனைத் தம் கூட்டுறவாக ஏற்று, 2013-இல் மூடப்படும்வரை நடத்தினர். 2023-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓர் ஆடலகப் பெண்கள் பணியிடப் பாதுகாப்பை முன்வைத்துப் போராடி, நடிகர் சங்கத்தில் இணைந்தனர். கலை என்னும் பட்டத்தைக் காட்டிலும் காவலும் கூலியுமே அவர்கள் வேண்டியவை.

எனினும் களைதல் என்பதனாலேயே அஃது உரிமைச் செயல் ஆகிவிடாது. தேவையும் வறுமையும் இடைத்தரகரும் வினைமுதலின் பின்னே நின்று இயக்கும் இடங்களில் களைதலுக்குள் உரிதல் மறைந்திருக்கும். அதனைப் பிரித்தறிவதற்கும் முதலில் வினைமுதலைத் தேடியாக வேண்டும்.

நிறைவுரை

பார்த்தின் கட்டுரை பார்வையாளனுக்கும் அவன் சமூகத்திற்கும் இடையே நிகழும் உடன்படிக்கையை அம்பலப்படுத்துகிறது. அவ்வளவில் அதன் மதிப்பு குறையாதது. ஆனால் மேடையில் நிற்பவள் அதில் அடையாளமாக எஞ்சுகிறாளேயன்றி உழைப்பவளாக இல்லை. அவள் அணிந்த அயல்வேடத்தின் உடையவரும் அதில் இடம்பெறவில்லை. நெகிழ்தல், உரிதல், களைதல் என்னும் மூன்றையும் வேறுபடுத்தும் ஒரு மொழி, இந்நடனத்தைப் பேசுகையில் ஒழுக்கத் தீர்ப்புக்கு முன்பாக இலக்கண வினா ஒன்றை எழுப்ப இடந்தருகிறது: இவ்வினைக்கு எழுவாய் யார்? மேலைத் திறனாய்வைத் தமிழில் கொணர்வோர் கருத்துகளைப் பெயர்ப்பதோடு அமையாமல், தம் மொழியின் வினைகளால் அவற்றை உரசிப் பார்ப்பதும் கடமையாகும்.